உங்களுக்குத் தெரியுமா? கழற்றிய காலே ஆயுதம்!

மல்யுத்த மேடையில் நாற்காலி பறக்கும், மேசை உடையும். செயற்கைக் காலே பறந்த கதை தெரியுமா? 1996 ஏப்ரல், அமெரிக்காவின் ஒமாஹா நகரம். முன்வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கனடாவின் முன்னாள் மல்யுத்த வீரர் ‘மேட் டாக்’ (வெறிநாய்) வஷோனின் செயற்கைக் காலை உருவினார், மேடையில் மோதிக்கொண்டிருந்த வில்லன் டீசல். கடைசியில் அந்தக் காலாலேயே அடி வாங்கியவரும் டீசல்தான். அடித்தவர் எதிராளி ஷான் மைக்கேல்ஸ். (எல்லாம் பேசிவைத்த கூத்துதான்!)

• வஷோனின் கால் போனது 1987-இல். மோதிய வண்டி நிற்கவே இல்லை.

• பெயர்தான் வெறிநாய்; கற்றது அசல் மல்யுத்தம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஒருவரை ஒரு நிமிடத்துக்குள் மல்லாத்தியபோது வயது 18.

• 1950, ஆக்லாந்து பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டில் தங்கம்.

• தம்பி பால், தங்கை விவியன்... அவர்களுக்கும் இதே தொழில்!