தாய் இல்லாத குஞ்சுக்கு விளக்குதான் தாய்!

முட்டையை உடைத்துக்கொண்டு கோழிக்குஞ்சு வெளியே வருகிறது. மஞ்சள் பஞ்சு உருண்டை போல இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பஞ்சு குளிரைத் தாங்காது!

தாய்க்கோழி இருந்தால் கவலை இல்லை. இறகை விரித்து அடியில் அணைத்துக்கொள்ளும். இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கு அந்த இறகு ஏது? அந்தச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். அப்படிச் சூடு கொடுக்கும் அமைப்புக்குப் பெயர்தான் 'புரூடர்'.

பிறந்தது முதல் 4 வாரம் வரை குஞ்சுக்குக் கண்டம். 2018-இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழி கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பிறந்த குஞ்சையா கொடுத்தார்கள்? இல்லை. 4 வாரம் வளர்த்த குஞ்சு! கண்டத்தைத் தாண்டிய குஞ்சு!

ஆனால் கடையில் ஒரு நாள் குஞ்சுதான் மலிவு. அதனால் பலரும் அதையே வாங்குகிறார்கள்.

படப்பையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஒரகடத்தில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். மனைவி வீட்டில் இருக்கிறார். பின்கட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 50 குஞ்சு வாங்க முடிவு செய்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

மூலை கூடாது

தகரத்தையோ கெட்டி அட்டையையோ வளைத்து ஒரு வட்டம் செய்யுங்கள். உயரம் ஒன்றரை அடி. குறுக்களவு 3 அடி போதும். 4-ஆம் நாளிலிருந்து வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள்.

ஏன் வட்டம்? சதுரமாக இருந்தால் மூலை வரும். குளிர்ந்தாலும் பயந்தாலும் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். காலையில் பார்த்தால் உடம்பில் ஒரு காயமும் இராது. 'யாரோ கண் வைத்துவிட்டார்கள்' என்பார்கள். கண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. மூலைதான் எமன்!

தரையில் 2 அங்குலத்துக்கு நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்புங்கள். அதன் மேல் பத்திரிகைத் தாளை விரியுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு உமியைத் தீனி என்று கொத்தும். தாளைத் தினமும் மாற்றுங்கள். சில நாள் கழித்து எடுத்துவிடலாம்.

எந்த விளக்கு?

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட். ஆனால் 100 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடாதீர்கள். 60 வாட் பல்பு இரண்டு போடுங்கள். ஒன்று நடு இரவில் போய்விட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்.

இங்கேதான் இப்போது பலர் ஏமாறுகிறார்கள். எல்.இ.டி. பல்பை மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். அதில் வெளிச்சம்தான் வரும்; சூடு வராது! பழைய குண்டு பல்புதான் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

குஞ்சு வருவதற்கு முன்பே விளக்கைப் போட்டுத் தரையைச் சூடாக்கி வையுங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். பல்பைச் சிறிது சிறிதாக உயர்த்திக் கட்டினால் சூடு குறையும். சித்திரை வெயிலில் படப்பையில் பகலில் விளக்கே வேண்டாம். மார்கழியில் இரவும் பகலும் வேண்டும்.

குஞ்சே சொல்லும்

வெப்பமானி இல்லையா? குஞ்சைப் பாருங்கள். விளக்கின் அடியில் கும்பலாக நெருக்கிக்கொண்டு கத்தினால் சூடு போதவில்லை. வட்டத்தின் ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. அங்கே சாக்கைக் கட்டுங்கள். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் எல்லாம் சரி.

படுக்கப் போகும் முன் ஒரு தடவை, விடியற்காலை 3 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். குளிர் கடுமையாக இருக்கும் நேரம் அதுதான். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிறவர் கை கால் கழுவிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் மனைவிக்கு ஒரு தூக்கம் மிச்சம்.

மின்சாரம் போனால்? மழைக்காலத்தில் இந்தக் கவலை நியாயமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர்ப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மண்சட்டியில் கரி நெருப்பு வைத்து, குஞ்சு நெருங்காதபடி கம்பி வலையால் மூடலாம். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கரியிலிருந்து வரும் விஷ வாயு குஞ்சை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். வீட்டார் படுக்கும் அறையில் அதை வைக்கவே கூடாது.

முதலில் தண்ணீர்

குஞ்சு பொரியும் முன்பே முட்டையின் மஞ்சள் கருவில் மீதி அதன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் உயிரோடு இருக்கும். இதை நம்பித்தான் அமெரிக்காவில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள்! அதற்காக நீங்கள் பட்டினி போடாதீர்கள். வந்தவுடன் கொதித்து ஆறிய தண்ணீர் வையுங்கள். ஒவ்வொன்றின் மூக்கையும் ஒரு முறை தண்ணீரில் நனைத்துவிடுங்கள்; அதன் பிறகு தானே குடிக்கும். தட்டில் கூழாங்கல் போட்டால் மூழ்காது. பிறகு தாளின் மேல் மக்காச்சோளக் குருணை தூவுங்கள். அடுத்த நாளிலிருந்து குஞ்சுத் தீவனம்.

உமி நனையக் கூடாது. நனைந்தால் 3-ஆம் வாரத்தில் ரத்தக் கழிச்சல் வரும்.

கோழிக்கழிச்சல் இன்னும் கொடியது. 1920-களில் இமயமலை அடுக்கிலுள்ள இராணிக்கெட் என்ற ஊரில் கண்டதால் 'இராணிக்கெட் நோய்' என்றும் பெயர். வந்த பின் மருந்து இல்லை. 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிற்சி வேண்டுவோர் அங்கே விசாரிக்கலாம்.

4-ஆம் வாரம் பஞ்சு உதிர்ந்து இறகு மூடிவிடும். விளக்கை அணைத்துவிடலாம். பகலில் வெளியே விடுங்கள். காகமும் பருந்தும் பார்த்துக்கொண்டே இருக்கும். மேலே பழைய வலை ஒன்றைக் கட்டுங்கள். மாலை 5 மணிக்கெல்லாம் எண்ணி உள்ளே அடையுங்கள். கீரி வரும் நேரம் அது.