பை நிறைந்துவிட்டது, எதை எறிவது?

மைன்கிராஃப்ட் விளையாடுகிறவர்களுக்கு இந்த இக்கட்டு நன்றாகத் தெரியும். குகையின் அடியாழத்தில் நிற்கிறீர்கள். பாறையில் வைரம் தெரிகிறது. வெட்டுகிறீர்கள். வைரம் தரையில் சுழன்றுகொண்டே கிடக்கிறது, பைக்குள் வர மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்தே போய்விடும். பையைத் திறந்து பார்த்தால் ஒரு கட்டத்தில் கிரானைட், ஒன்றில் ஆண்டிசைட், ஒன்றில் எப்போதோ கொன்ற ஸாம்பியின் அழுகிய இறைச்சி, ஓரத்தில் ஒற்றைக் கோதுமை விதை!

பை அவ்வளவு சின்னதா? கணக்குப் போடுங்கள். மொத்தம் 36 கட்டங்கள். கல், மண், மரக்கட்டை எல்லாம் ஒரு கட்டத்தில் 64 வரை அடுக்கலாம். அப்படியானால் 2,304 கற்கள் கொள்ளும். ஒரு வீடே கட்டிவிடலாம். முட்டையும் பனிப்பந்தும் கட்டத்துக்கு 16தான். வாளோ கவசமோ ஒன்றே ஒன்று வந்தாலும் முழுக் கட்டத்தையும் பிடித்துக்கொள்ளும். வெவ்வேறு வகையில் 36 பொருள்கள் சேர்ந்தால் போதும், பை நிறைந்துவிடும். ஆக, பையை அடைப்பது எண்ணிக்கை அல்ல, வகை. அந்த ஒற்றை விதைதான் குற்றவாளி.

2024இல் விளையாட்டில் சேர்ந்த தோல்பை இதற்காகவே வந்தது. பல வகைச் சில்லறைப் பொருள்களைக் கலந்து 64 வரை அதில் போடலாம். பையில் ஒரே கட்டம்தான் செலவு.

இன்னொரு வழி, சுருக்குவது. ஒன்பது இரும்புக் கட்டிகளைச் சேர்த்தால் ஒரு இரும்புப் பாளம். 64 பாளங்கள் என்றால் ஒரே கட்டத்துக்குள் 576 கட்டிகள். வேண்டும்போது பிரித்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது. கணினியில் ஜிப் கோப்பு செய்வதும் இதுதான். ஆனால் குவார்ட்ஸை அப்படிச் சேர்த்துவிடாதீர்கள். நான்கு சேர்ந்து ஒரு பாளமாகும், திரும்பப் பிரிக்க முடியாது.

எல்லாம் செய்தும் பை நிறைந்துவிட்டால்? எதை எறிவது?

இந்தக் கேள்வி கணினிக்கும் உண்டு, அதுவும் நொடிக்குப் பல முறை. கணக்குப் போடும் செயலிக்குள்ளேயே மிகச் சின்னதாக ஒரு வேகமான நினைவகம் இருக்கிறது. அதற்குக் கேஷ் என்று பெயர். வெளியே இருக்கும் பெரிய நினைவகத்திலிருந்து ஒன்றை எடுத்துவரப் பல மடங்கு நேரமாகும். 1 முதல் 9 வரையான எண் விசைகளில் சட்டென்று கைக்கு வரும் ஒன்பது கட்டங்களுக்கும், வீட்டில் இருக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். கேஷ் நிறைந்ததும் புதியதற்கு இடம் விட எதையாவது வெளியேற்றியாக வேண்டும்.

ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த லாஸ்லோ பேலாடி 1966இல் இதற்குச் சிறந்த விடை எது என்று எழுதினார்: இனிமேல் எது மிகவும் தாமதமாகத் தேவைப்படுமோ, அதை வெளியே அனுப்பு. அருமையான விடை! ஒரே ஒரு சிக்கல், வருங்காலம் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு ஏது ஜோசியம்? அதனால் கணினிகள் பின்னால் திரும்பிப் பார்க்கின்றன. வெகு நேரமாகத் தொடப்படாமல் இருப்பது எதுவோ, அது இனியும் சீக்கிரம் தேவைப்படாது என்று அனுமானித்து அதை வெளியேற்றுகின்றன. இந்த விதியை அப்படியே குகைக்குள் கொண்டுபோகலாம். கிரானைட்டைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? எறியுங்கள்.

தண்ணீர் வாளியை மட்டும் எறியாதீர்கள். மணிக்கணக்கில் தொட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் எரிமலைக் குழம்பு கால் பக்கம் ஓடிவரும்போது அது இல்லாவிட்டால் தொலைந்தீர்கள். கணினியிலும் இப்படி ‘இதைத் தொடாதே’ என்று பூட்டி வைத்த நினைவகப் பகுதிகள் உண்டு. விதி நல்லதுதான், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

சரி, வீடு வந்து சேர்ந்தாயிற்று. கொண்டுவந்ததை வகைவாரியாகப் பிரிப்பது சலிப்பான வேலை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடமே இதுதான், ஏனென்றால் அந்த வேலைக்கு நீங்களே ஒரு இயந்திரம் செய்துவிடலாம்.

ஹாப்பர் என்கிற புனலில் ஐந்து கட்டங்கள். மேலே வருவதை வாங்கி, நொடிக்கு இரண்டரைப் பொருள் வேகத்தில் அடுத்ததற்குத் தள்ளும். முதல் கட்டத்தில் 41 இரும்புக் கட்டிகளைப் போடுங்கள். மற்ற நான்கிலும் பெயர் மாற்றிய குச்சி ஒவ்வொன்று. இப்போது இரும்பைத் தவிர எதுவும் உள்ளே நுழைய முடியாது, குச்சிகள் வழியை அடைத்துவிட்டன. சாதாரணக் குச்சிகூட அவற்றோடு சேராது.

ஏன் 41? ஹாப்பர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பக்கத்தில் வைத்த கம்பேரேட்டர் அளந்து, ஒரு சமிக்ஞை எண்ணைத் தருகிறது. ஹாப்பரின் கொள்ளளவு 5 × 64 = 320. உள்ளே இருப்பதை 320ஆல் வகுத்து, 14ஆல் பெருக்கி, 1 கூட்டி, தசமத்தை விட்டுவிட வேண்டும். 41ம் 4ம் சேர்ந்து 45. கணக்குப் போட்டால் 2.97, ஆக சமிக்ஞை 2. இன்னும் ஒரே ஒரு இரும்பு விழட்டும். 46க்கு 3.01, சமிக்ஞை 3! அந்த ஒன்றின் வித்தியாசத்தில் கம்பேரேட்டரோடு இணைத்த ரெட்ஸ்டோன் பந்தம் அணைகிறது, அது பூட்டி வைத்திருந்த இன்னொரு ஹாப்பர் முதல் ஹாப்பருக்குக் கீழே திறக்கிறது, கூடுதல் இரும்பை இழுத்துப் பெட்டியில் போடுகிறது. 45 ஆனதும் மறுபடி பூட்டு. வகைக்கு ஒன்றாக இப்படி வரிசையாக வைத்தால், பையைக் கொட்டிவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். அடுக்க முடியாத வாளும் கவசமும் மட்டும் இதில் பிரியாது. அவற்றுக்குக் கடைசியில் ஒரு பொதுப் பெட்டி வையுங்கள்.

பேலாடியின் கேள்வி விளையாட்டுக்கு வெளியேயும் இருக்கிறது. ஜப்பானியப் பொருளியல் அறிஞர் யூகியோ நோகுச்சி தன் காகிதங்களை வகை பிரிப்பதையே விட்டுவிட்டார். எல்லாவற்றையும் உறைகளில் போட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்தினார். எடுத்த உறையை எப்போதும் இடக்கோடியில் வைப்பார், அவ்வளவுதான். அடிக்கடி வேண்டியவை தானாக இடப்பக்கம் சேர்ந்துவிடும், வேண்டாதவை வலப்பக்கம் ஒதுங்கும். எடுத்ததை முன்னால் வைக்கும் இந்த முறை எவ்வளவு நல்லது என்று டேனியல் ஸ்லேட்டரும் ராபர்ட் டார்ஜனும் 1985இல் கணிதத்தால் காட்டியிருந்தார்கள்: வருங்காலம் முழுக்கத் தெரிந்தவர் அடுக்கினாலும், அவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் உங்களுக்கு அலைச்சல் வராது.

உங்கள் பாடப்புத்தகங்களில் இதைச் செய்து பாருங்கள். படித்து முடித்ததை இடக்கோடியில் வையுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வலக்கோடியில் எந்தப் பாடம் ஒதுங்கி நிற்கிறதோ, அதிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.