பழகிப்போன நல்லவை

மோட்டார் ஓடாத நாளில்தான் குழாயில் தண்ணீர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது. பல்வலி தீர்ந்த மறுநாள் காலை, வலியில்லாமல் இட்லி சாப்பிடுவதே சுகமாக இருக்கிறது. இரண்டு நாளில் அதுவும் பழகிவிடுகிறது. நன்றி கெட்ட குணம் என்று இதைத் திட்ட வேண்டியதில்லை. மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

மனம் ஏன் கவனிப்பதில்லை?

தொல்லையை உடனே கண்டுபிடிப்பதும், நல்லதைச் சீக்கிரம் பழகிக்கொள்வதும் மனத்தின் இயல்பு. பத்துப் பேர் பாராட்டி ஒருவர் குறை சொன்னால், இரவு படுக்கையில் அந்த ஒருவர்தான் நினைவுக்கு வருவார். நல்லது பழகிப்போவதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை வைத்து 1978-இல் ஓர் ஆய்வு வெளியானது. காலை உணவு, நண்பரோடு அரட்டை, பத்திரிகை வாசிப்பு போன்ற அன்றாட விஷயங்களில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

எழுதிப் பார்த்ததில் கண்டது

உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, நன்றியோடு நினைக்கத் தக்க ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அந்த வாரத்துத் தொல்லைகளை எழுதினார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவினரிடம் உடல் உபாதைகள் குறைவு. உடற்பயிற்சியோ வாரத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் அதிகம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் தினமும் எழுதியபோது, கூடுதல் நேரம் தூங்கி, தெளிவோடு எழுந்ததாகச் சொன்னார்கள். படுக்கும்போது மனத்தில் ஓடும் நினைப்புக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு நாம் அறிந்ததுதானே!

ஆனால் இப்படி எழுதுவதைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021-இல் வந்த கட்டுரை, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இதன் பலன் சிறியது என்றே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் 'மூளையே மாறிவிடும்' வகைச் செய்திகளை நம்ப வேண்டாம்.

எப்படிச் செய்வது?

'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று தினமும் ஒப்பிப்பதில் பயனில்லை. மூன்றாம் நாளே அது வருகைப் பதிவேடு போலாகிவிடும். 'டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதித் தந்த மீதிச் சில்லறையை, நான் கேட்காமலே கண்டக்டர் தேடி வந்து கொடுத்தார்' என்று எழுதுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்றும் ஒரு வரி சேருங்கள். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் அவற்றின் காரணத்தையும் ஒரு வாரம் இரவுதோறும் எழுதியவர்களிடம், ஆறு மாதம் கழித்தும் அதன் பலன் தெரிந்தது.

தினமும் எழுதியே தீர வேண்டும் என்பதும் இல்லை. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆய்வில் தெரியவந்தது. நல்லதை எண்ணுவதும் கடமையாகிவிட்டால் சலித்துப்போகும் போலிருக்கிறது.

எழுதப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: நாளில் ஒரு காரியத்தையாவது செல்போன் இல்லாமல் செய்வது. காலைக் காபி அதற்கு நல்ல நேரம். டிகாக்ஷன் மணமும் டம்ளரின் சூடும் தெரியாமல், ரீல்ஸ் பார்த்துக்கொண்டே குடித்து முடித்த காபி உடம்புக்குள் போயிருக்கும், மனத்துக்குப் போயிருக்காது.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

நம் வீடுகளில் அம்மாவிடம் போய் 'நன்றி' என்றால், 'என்னடா ஆச்சு உனக்கு?' என்று கேட்பார். 'இன்னைக்கு வத்தக்குழம்பு பிரமாதம்மா' என்று சொல்லலாமே! சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முதலில் மாற வேண்டியது அதுதான்.

இது உதவாத இடம்

கடனிலோ துக்கத்திலோ தவிப்பவரிடம், கணவரின் அடியைத் தாங்குபவரிடம், 'உனக்கு என்ன குறை? இல்லாதவங்களைப் பாரு' என்று சொல்வது அவர் வாயை அடைப்பதாகும். கூலி கேட்பவருக்கும் இந்தப் புத்திமதி வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், நோட்டும் பேனாவும் போதாது, மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.