முயலின் உரோம உதிர்வும் வீட்டார் செய்ய வேண்டுவதும்

நம் அங்கத்தினர் இல்லங்கள் சிலவற்றில் பிள்ளைகளின் பிரியத்துக்காக ஒன்றிரண்டு முயல்கள் வளர்கின்றன. ஒரு நாள் காலையில் கூண்டின் மூலையெல்லாம் கொட்டின பஞ்சுபோல் உரோமம் கிடக்கக் கண்டு வீட்டார் திகைப்பதுண்டு. நோய் என்றெண்ணிக் கைக்குக் கிடைத்த தைலத்தைப் பூசுவோர் சிலர். தானே சரியாகும் என்று வாளாவிருப்போர் சிலர். இரண்டும் பிழையே. உரோமம் உதிர்வது முயலுக்கு இயற்கை. ஆனால் உதிர்ந்த உரோமம் எங்கே போகிறது என்பதைக் கவனியாமலிருப்பது ஆபத்து.

முயல் தன் உடலைத் தானே நக்கித் துப்புரவு செய்துகொள்ளும் பிராணி. அப்பொழுது தளர்ந்த உரோமம் வயிற்றுக்குள் செல்கிறது. பூனை அதனைக் கக்கிவிடும். முயலுக்கோ வாந்தி எடுக்கும் ஆற்றலே இல்லை. குடல் நன்றாக இயங்கும்வரை உரோமம் புழுக்கையோடு வெளியேறிவிடும். நார்ச்சத்துக் குறைந்தாலும், நீர் வற்றினாலும், வெயில் தாக்கினாலும் குடலின் ஓட்டம் மந்தமாகும். அப்பொழுது உரோமமும் தீனியும் திரண்டு இறுகிவிடும்.

கார், பிசானம் என்று பயிருக்குப் பருவம் சொல்வதுபோல் இதற்குச் சொல்ல இயலாது. குளிர்நாட்டு நூல்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் உரோமம் உதிரும் என்று கூறும். அங்கே பகற்பொழுதின் நீளம் பெரிதும் மாறுகிறது. இலண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணிக்கும் குறைவு. திருநெல்வேலியிலோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேற்றுமை ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஆதலால் இங்கு உதிர்வு வரையறையின்றி, சில வேளைகளில் திட்டுத்திட்டாகவும் வரும். முதுகைத் தடவும்போது கையோடு கொத்தாக உரோமம் வந்தால் உதிர்காலம் தொடங்கிவிட்டது என்று கொள்க. சில வாரங்கள் நீடிக்கும்.

மற்றக் காலத்தில் வாரம் ஒருமுறை சீவினாற் போதும். இக்காலத்தில் நாள்தோறும் பத்து நிமிஷமேனும் சீவ வேண்டும். தரையில் சாக்கு விரித்து, முயலை அதன்மேல் அமர்த்திக்கொள்க. உயரமான மேசை வேண்டாம். துள்ளி விழுந்தாலும், பிடியில் திமிறிப் பின்னங்காலை உதைத்தாலும் முதுகெலும்பே முறியக்கூடும். காதைப் பற்றித் தூக்குவது கொடுமை. முதலில் கையை நீரில் நனைத்துப் பிழிந்து, தலையிலிருந்து வால்வரை தடவுக. தளர்ந்த உரோமம் பெரும்பாலும் கையிலேயே ஒட்டி வந்துவிடும். பிறகு மென்மையான தூரிகை, இறுதியில் பல் நெருங்கிய சீப்பு. முயலின் தோல் மிக மெல்லியது, அழுத்தினாற் கிழியும். சிக்கு விழுந்திருந்தால் கத்தரிக்கோலை எடுக்க வேண்டா; பாவில் விழுந்த சிக்கை விரலால் பிரிப்பதுபோல் சிறிது சிறிதாகப் பிரிக்க நம்மவர்க்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உள்ளங்காலிலுள்ள உரோமத்தைத் தொடலாகாது. அதுவே அதன் செருப்பு. குளிப்பாட்டவும் கூடாது.

உரோமம் போனதெல்லாம் உதிர்வு அன்று. காதோரத்திலும் மூக்கிலும் பொருக்குத் தட்டி அரித்தால் அது சொறி. மருத்துவரே தீர்க்க வேண்டும். நாய்க்கு இடும் உண்ணி மருந்தை இடாதீர்கள். அவற்றுட் சிலவற்றிலுள்ள ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. பெண் முயல் மார்பு மயிரைத் தானே பிடுங்கிக் குவித்தால், பெரும்பாலும் குட்டி ஈனுவதற்குப் படுக்கை தயாராகிறது என்று பொருள். சினைக்காலம் ஒரு மாதமே.

தீனியில் உலர்ந்த புல்லே முதன்மை. காய்ந்த அருகம்புல் எப்பொழுதும் கூண்டில் இருக்கட்டும்; தானியமும் தவிடும் மிகுந்தால் குடல் மந்தமாகும். வாய்க்கால் வரப்பில் புல் அறுப்போர் பக்கத்து வயலில் மருந்து தெளித்ததுண்டா என்று விசாரித்தே அறுக்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்குக் கால் லிட்டர் வரை நீர் குடிக்கும். சித்திரை வைகாசியில் இன்னும் மிகுதியாகவே குடிக்கும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கூண்டை நிழலில் வைத்து, காதுகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நாள்தோறும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். உரோமத்தால் கோத்து மாலைபோல் வந்தால் எச்சரிக்கை. சீவுவதையும் உலர்புல்லையும் அதிகமாக்குக. சிறுத்துக் குறைந்தாலோ, முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் கூனி உட்கார்ந்து பல்லைக் கடித்தாலோ, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுசெல்க. அன்னாசிச் சாறு உரோமத்தைக் கரைக்கும் என்று சொல்லக் கேட்கிறோம். அது கரைப்பதில்லை, பொழுதுதான் வீணாகிறது.

இவ்வுரோமத்தை நூற்கலாகாதா என்ற கேள்வி நெசவாளருக்கு எழுவது இயல்பே. நம்மிடையே பெரும்பாலும் உள்ளவை குட்டையுரோம முயல்கள். அவற்றின் உரோமம் முறுக்குக்கு நில்லாது. நூலுக்கு உதவுவது அங்கோரா இனம். 1962-இல் இராஜஸ்தானத்தில் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையம், குளிர்ந்த குலு பள்ளத்தாக்கிலுள்ள தன் கார்சா மையத்தில் அதனை வளர்த்துவந்தது. ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொருமுறை உரோமம் கத்தரிப்பர். தாமிரபரணிக் கரை வெயிலை அது தாங்காது. ஆகவே சீவிய உரோமத்தை எருக்குழியில் மண்ணோடு கலந்து போடுங்கள். மெல்ல மக்கினாலும் தழைச்சத்து உண்டு. ஒன்று மட்டும்: தறிக்கூடத்தில் வைத்துச் சீவ வேண்டாம். கஞ்சியிட்ட பாவில் முயல் உரோமம் ஒட்டினால், அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் அன்றைய நெசவு நின்றுபோகும்.