தடையின்றி ஒலிக்கட்டும் இசை

இரயில் பயணத்தில் பாட்டு விட்டுவிட்டு ஒலித்தால் நாம் செயலியைக் குறை கூறுகிறோம். பல வேளைகளில் காரணம் நாம் தேர்ந்த ஒலித்தரமே. நொடிக்கு 320 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 144 எம்பி தரவு செலவாகும். 96 என்றால் 43 எம்பி போதும். இரயில் இரைச்சலில், சாதாரண இயர்போனில், இவ்விரண்டையும் பிரித்தறிவது அரிது. பல கைப்பேசித் திட்டங்களில் அன்றாட வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும். பாட்டு நிற்பது போகட்டும். கடைவாசலில் யூபிஐ பணம் செலுத்துவதும் அல்லவா தடுமாறும்! ஆகவே செயலியின் அமைப்புகளில் கைப்பேசித் தரவுக்குக் குறைந்த தரத்தையும் வைஃபைக்கு உயர்ந்த தரத்தையும் தனித்தனியே குறித்துவிடுவோம். விருப்பப் பாடல்களை முதல்நாள் இரவே வீட்டில் பதிவிறக்கிக்கொண்டால், கொங்கண் இரயில்பாதையின் சுரங்கங்களிலும் இசை தொடரும்.