குதிரை வாங்குற காசு இருக்கு, வளர்க்குற காசு இருக்கா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா குதிரைச் சந்தை வந்துட்டா, "சார், ஒரு குதிரை வாங்கலாம்னு இருக்கேன், என்ன விலை கொடுக்கலாம்?"னு கேக்குறவங்க உண்டு. விலை பெரிய விஷயமே இல்ல. நல்லா பார்த்துக்கிட்டா குதிரை 25 வருஷம் வாழும். அதனால இதை நீண்ட கால ஈ.எம்.ஐ.யா நினைச்சுக் கணக்குப் போடுங்க.

முதல்ல தீவனம். உடம்பு எடையில ஏறக்குறைய 2 சதவீதம் காய்ந்த புல் தினமும் வேணும். 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ, மாசம் 210 கிலோ. கிலோ 15 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 3,150 ரூபாய். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. கொள்ளு, தவிடு, உப்புக்கட்டி, ஆள் கூலி எல்லாம் இதுக்கு மேல.

இங்கதான் பலர் தப்பான இடத்துல மிச்சம் பிடிக்கிறாங்க. புல்லைக் குறைச்சிட்டு, ஒரே வேளையில கொள்ளும் தவிடும் அள்ளிப் போட்டுடுவாங்க. குதிரையோட இரைப்பை சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேயுற பிராணி அது. ஒரேயடியா தானியம் போனா குடல்ல வாயு கட்டி வலி வரும், இதைத்தான் டாக்டர்கள் கோலிக்னு சொல்றாங்க. குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது. முன்காலால தரையைப் பறிக்கும், வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும், சாணி போடாது. இதுல எதைப் பார்த்தாலும் தீவனத்தை எடுத்துட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. கை வைத்தியம்னு வாயில எதையும் ஊத்த வேண்டாம், நுரையீரலுக்குள்ள போயிடும். சில சமயம் ஆபரேஷன் வரைக்கும் போகும். புல்லுல மிச்சம் பிடிச்ச காசு ஒரே ராத்திரியில காலி!

தண்ணி தினம் 25 லிட்டருக்குக் குறையக் கூடாது, வெயில்ல இன்னும் அதிகம் குடிக்கும்.

அடுத்து, தேதி போட்டு வர்ற செலவுகள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்டி, தேவைன்னா லாடம் அடிக்கணும். வருஷத்துக்கு ஏழெட்டு தடவை வரும். பல்லை வருஷம் ஒரு தடவை காட்டணும். ஓரம் கூர்மையானா சரியா மெல்லாது, போட்ட தீவனம் வீணாகும். டெட்டனஸ், வெறிநாய்க்கடி தடுப்பூசி தவறக் கூடாது. குடற்புழு மருந்தைச் சாணியைப் பரிசோதிச்சுட்டுக் கொடுங்க. இந்த மொத்தத்தையும் பன்னிரண்டால வகுத்து மாசாமாசம் தனிக் கணக்குல போட்டு வைங்க. கோலிக் மாதிரி அவசரத்துக்கு வேற ஃபண்ட். உங்க வீட்டு எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையைக் கண்டிப்பா கேளுங்க. இது மனுஷனுக்கும் தொத்தும். உறுதியானா 2009-ம் வருஷ விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வரும். இன்சூரன்ஸ் எடுத்தாலும் விலக்குப் பட்டியலை ஒரு வரி விடாம படிங்க. இல்லன்னா குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையாயிடும்.

கடைசியா வரி. ஆசைக்கு வளர்க்குற குதிரைன்னா ஒரு ரூபாய் செலவும் கழிக்க முடியாது. சவாரி, கல்யாண ஊர்வலம்னு தொழிலுக்கு வெச்சிருந்தா தீவனம், வைத்தியம் எல்லாம் தொழில் செலவு. ஆனா மெஷினுக்கு மாதிரி குதிரைக்குத் தேய்மானம் கிடையாது. செத்துப் போனாலோ, இனி உழைக்கவே முடியாதுன்னு ஆனாலோ, வாங்கின விலையில கைக்கு வந்ததைக் கழிச்சு மீதியைச் செலவாக் காட்டலாம். 1961 வருமான வரிச் சட்டத்துல இது 36-வது பிரிவு. 2026 ஏப்ரல்ல இருந்து புதுச் சட்டம்ங்கிறதால பிரிவு எண்ணை உங்க ஆடிட்டர்கிட்ட சரிபார்த்துக்கோங்க. 44ஏடி-ல கணக்குக் காட்டுறவங்களுக்கு இது தனியாக் கிடைக்காது. எப்படி இருந்தாலும், வாங்கும்போதே ரசீது கேட்டு வாங்குங்க. சந்தையில கை மாறுற பணத்துக்கு யாரும் தானா ரசீது எழுதித் தர்றதில்ல.