வீடு தேடி வரும் பேச்சுப் பயிற்சி

“இவன் வாப்பாவும் மூணு வயசுலதான் பேசினான். பொறுத்துப் பாரு!”

மழலை பிந்திய பிள்ளைகள் உள்ள இல்லங்களில் பெரியவர்கள் கூறும் ஆறுதல் இது. அன்பினால் கூறப்படுவதே ஆயினும், அந்தக் காத்திருப்பில் பிள்ளையின் பொன்னான மாதங்கள் கழிந்துவிடுகின்றன என்பதை, அன்புத் தாய்மார்களே, நாம் மறந்துவிடலாகாது.

ஏறத்தாழ ஒரு வயதில் முதற்சொல் பிறப்பதும், இரண்டு வயதில் ‘உம்மா வா’, ‘பால் தா’ என இரு சொற்களைச் சேர்ப்பதும் இயல்பு. பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதிலும் சொற்கள் சேரவில்லை, அல்லது வந்த சொற்களும் மறைந்துவிட்டன என்றால், உடனே மருத்துவரை நாட வேண்டும்.

முதற்படி செவிப் பரிசோதனை. இதனைக் கைப்பேசி வழியாகச் செய்துகொள்ள இயலாது. உரிய கருவிகள் உள்ள மருத்துவமனைக்குப் பிள்ளையை நேரில் அழைத்துச் செல்லத்தான் வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு அதற்குரிய சிகிச்சை அளிக்காமல் சொற்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை.

அடுத்ததாகப் பேச்சுப் பயிற்சி. இது வாரந்தோறும், பல மாதங்கள் தொடர வேண்டியது. பயிற்சியாளர்களோ பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றனர். பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டில் மற்றொரு கைக்குழந்தை என இடர்கள் பெருகவே, பல குடும்பங்கள் இடையிலேயே நிறுத்திவிடுகின்றன. இத்தகையோருக்குத் துணைபுரிவதே காணொலி வழிப் பயிற்சி. 2020இல் பரவிய கொரோனா நோய்க்குப் பின்னர் இது எங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் தொலைவழிப் பயிற்சி அளித்து வருகிறது.

‘நேரில் பெறும் பயிற்சிக்கு இது ஈடாகுமா?’ என நீங்கள் ஐயுறலாம். திக்கிப் பேசும் சிறுவர்களுக்கென ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான ‘லிட்கம்’ முறையைக் கொண்டு இக்கேள்விக்கு விடை தேடினர். பள்ளி செல்லும் வயதை எட்டாத 49 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நேரிலும் மற்றவருக்குக் காணொலியிலும் பயிற்சி அளித்தனர். 2016இல் வெளியான முடிவில், இரு பிரிவினருக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

எல்லாப் பேச்சுக் குறைகளுக்கும் இது அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. அம்முறையில் பயிற்சியாளர் வழிகாட்டுகிறார். நாள்தோறும் பிள்ளைக்குப் பயிற்சி அளிப்பவர் தாயோ தந்தையோதான்!

ஆகவே, பிள்ளையைத் திரையின் முன் அமர்த்திவிட்டு அடுப்படிக்குச் சென்றுவிடாதீர்கள். கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, முகத்தில் வெளிச்சம் விழுமாறு, பிள்ளையின் விளையாட்டுப் பொருள்களுடன் உடன் அமருங்கள். பிள்ளை எழுந்து ஓடிவிட்டாலும் அந்த நேரம் வீணன்று. கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்களும்தானே? வெளிநாட்டில் பணிபுரியும் தந்தையும் அதே வேளையில் திரையில் இணைந்து கற்கலாம்.

கற்றதைக் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் கையாளுங்கள். பிள்ளை கைநீட்டியதும் எடுத்துக் கொடுத்துவிடாமல், அது வாய் திறக்கச் சில நொடிகள் காத்திருங்கள். ‘தண்ணி’ என்றால், ‘குளிர்ந்த தண்ணி வேணுமா?’ என ஒரு சொல்லைக் கூட்டிப் பேசுங்கள். அவ்வேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். உருதும் தமிழும் பேசும் இல்லங்களில் ஒரு மொழியைக் கைவிடத் தேவையில்லை. இரு மொழிகள் கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை.

ஓர் எச்சரிக்கை. பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தாமா எனக் கேட்டறியுங்கள். பிள்ளையைப் பார்க்குமுன்னரே இத்தனை நாளில் பேசவைக்கிறேன் என உறுதி கூறுவோரிடம் பணத்தை இழந்துவிடாதீர்கள்.

உங்கள் இல்லத்திலோ உறவிலோ பேச்சு பிந்திய பிள்ளை இருப்பின், இவ்வாரமே செவிப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். தன் குறையை எடுத்துச் சொல்ல அப்பிள்ளையால் இயலாது. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாமல்லவா?